தீயைக் காட்டும் செயற்கைக்கோள் தீர்வுக்கும் உதவட்டும்

பஞ்சாபில் நெல் அறுவடையானதும் அக்டோபர், நவம்பரில் வயலில் நிற்கும் தாளைக் கொளுத்துகிறார்கள். அந்தப் புகை டில்லி வரை பரவுவதைச் செயற்கைக்கோள் படங்களில் காணலாம். வெப்பத்தை உணரும் கருவி, தீ எரியும் இடத்தைப் புள்ளியாகக் காட்டிவிடும். அதை வைத்து விவசாயிக்கு அபராதம் விதிக்கிறார்கள்.

ஆனால் சிறு தீயையும் கண்டுபிடிக்கும் கோள்கள் பெரும்பாலும் பகலிலும் இரவிலும் 1.30 மணியளவில்தான் அவ்வழியே கடக்கின்றன. மாலையில் வைத்து அணைந்த தீ தப்பிவிடும். ஆகவே புள்ளி குறைந்ததால் புகையும் குறைந்தது என்று எண்ணக் கூடாது.

விவசாயி ஏன் கொளுத்துகிறார்? நிலத்தடி நீரைக் காக்க 2009-ல் வந்த சட்டத்தால் நெல் நடவு தள்ளிப்போயிற்று. அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே இரண்டு மூன்று வாரமே கிடைக்கிறது. தாள் நிற்கும்போதே கோதுமை விதைக்கும் 'ஹாப்பி சீடர்' கருவி உண்டு. அதைச் சொந்தமாக வாங்கச் சிறு விவசாயிக்கு வசதி ஏது?

எந்தக் கிராமத்தில் ஆண்டுதோறும் புள்ளிகள் மிகுதியோ, அங்கே அறுவடைக்கு முன்பே அக்கருவி குறைந்த வாடகைக்குப் போய்ச் சேர வேண்டும். அபராதம் அதற்குப் பிறகுதான். நம் பக்கம் கரும்புச் சோகையைக் கொளுத்தும் ஊர்களுக்கும் சோகை தூளாக்கும் கருவியை இவ்வாறே அனுப்பலாம்.