வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு வால்யூம் கண்ட்ரோல்

வீட்டிலேயே வால்வு ஆம்ப்ளிஃபயர் கட்டுவோர் வால்வுக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கும் மாதக்கணக்கில் அலைவர். வால்யூம் கண்ட்ரோலை மட்டும் கடைசி நாளில், கைக்குக் கிடைத்ததை வாங்கிப் பொருத்துவர். நாமும் அப்படித்தான் செய்தோம். இயற்பியல் துறை நண்பரின் துணையோடு ஈசிசி83, இஎல்84 வால்வுகளைக் கொண்டு ஒரு சிறு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரை ஓராண்டு முயன்று முடித்தபோது, அதன் முகப்பில் இருந்தது பழைய பெட்டி ஒன்றிலிருந்து கழற்றிய கண்ட்ரோல்.

நம் இல்லத்தில் இசை கேட்கும் நேரம் இரவு பத்து மணிக்கு மேல். அடுத்த அறையில் முதிய தாயார் உறங்குவதால் குமிழ் தொடக்கப் புள்ளியிலிருந்து சிறிதே நகரும். அந்த அளவில் வீணையின் ஒலி எப்போதும் வலப்புறமே சாய்ந்து கேட்டது. நம் இடச்செவி மந்தமாகி வருகிறதோ என்ற அச்சம் பற்றிக்கொண்டது. வகுப்பில் பின்வரிசை மாணவர் கேட்ட ஐயம் காதில் விழாமற்போன நாள்களையெல்லாம் எண்ணிப் பார்த்தோம். மருத்துவரைக் காண நாளும் குறித்தாயிற்று. அதற்கு முந்தைய இரவு நண்பர் வந்து ஸ்பீக்கர் கம்பிகளை இடம் வலமாக மாற்றிப் பொருத்தினார். மங்கலும் உடன் மாறி வலப்பக்கம் போயிற்று. குமிழைப் பாதிக்கு மேல் திருகியதும் இரு பக்கமும் சமமாயின. குற்றம் செவியில் இல்லை.

செவி ஒலியை மடக்கை முறையில் உணர்கிறது. மின்னழுத்தம் பாதியானால் குறைவது 6 டெசிபல் மட்டுமே. ஒலி பாதியாகிவிட்டதாக நாம் உணர்வதில்லை. ஆகவே நேர்கோட்டுத் தடம் கொண்ட கண்ட்ரோலில் முதல் திருகலிலேயே ஒலி எகிறிவிடும். மீதிச் சுற்று வீண். லாக் வகைக் கண்ட்ரோல் நடுப்புள்ளியில் 10 முதல் 15 விழுக்காடு மின்னழுத்தத்தையே வெளிவிடும். மாத்திரையைக் கண்ணிமைப்பாலும் கைந்நொடியாலும் அளந்தவர் தொல்காப்பியர். உடலையே அளவுகோலாகக் கொண்ட இக்கருவி அவருக்கு வியப்பாக இருந்திராது. (எங்கே போனாலும் இலக்கணத்தை இழுத்து வருவதாக நண்பர் நகைத்தார்.)

ஆனால் மலிவான லாக் தடம் உண்மையான மடக்கை வளைவன்று. இரண்டு மூன்று நேர்கோடுகளை ஒட்டவைத்து வளைவுபோல் காட்டுவர். ஒரே தண்டில் சுழலும் இரு தடங்களும் அச்சொட்டாக ஒத்துப்போவதும் அரிது. வேறுபாடு மிகுவது அடிப்பகுதியில், அதாவது நாம் இரவில் கேட்கும் இடத்தில். நம்முடையதை அளந்தபோது அங்கே ஏறத்தாழ 5 டெசிபல் வேறுபட்டது.

இதற்கு விலையுயர்ந்த கண்ட்ரோல் வாங்குவதே தீர்வு என்போரோடு நாம் உடன்படவில்லை. குமிழ் ஏன் அடியிலேயே கிடக்கிறது என்பதன்றோ முதற்கேள்வி? சிடி பிளேயர் 2 வோல்ட் தருகிறது. நம் ஆம்ப்ளிஃபயர் முழுத்திறனை எட்ட அரை வோல்ட்டும் வேண்டியதில்லை. கண்ட்ரோலுக்கு முன்னால் தொடராக 33 கிலோ ஓம், தரைக்கு 10 கிலோ ஓம் என இரு மின்தடைகளைப் பக்கத்துக்கு ஒரு இணையாகச் சேர்த்தோம். சிக்னல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காயிற்று. குமிழ் நடுப்பகுதிக்கு ஏறியது. வேறுபாடு 1 டெசிபலுக்குக் குறைந்தது. செலவு சில ரூபாய்.

மதிப்பிலும் கவனம் வேண்டும். பழைய வால்வு ரேடியோவில் 500 கிலோ ஓம் இருந்தது என்பதற்காக இங்கும் அதையே போடுதல் தவறு. ஈசிசி83 போன்ற பெருக்கம் மிகுந்த வால்வின் கிரிட்டில் மில்லர் விளைவால் 100 பிக்கோஃபாரட் அளவு மின்தேக்கம் சேர்கிறது. 500 கிலோ ஓம் கண்ட்ரோல் ஓரிடத்தில் 125 கிலோ ஓம் மூலத்தடையாக நிற்கும். அங்கே 13 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி தேயத் தொடங்கும். 100 கிலோ ஓமில் அந்த எல்லை 60 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிவிடுகிறது. வாங்கும்போது எழுத்தையும் நம்பற்க: இன்றைய ஆசியத் தயாரிப்புகளில் ‘ஏ’ என்பது லாக், பழைய ஐரோப்பியத் தயாரிப்புகளிலோ ‘ஏ’ நேர்கோட்டைக் குறிப்பதுண்டு. நடுவில் நிறுத்தி மல்டிமீட்டரால் அளந்துவிடுதல் நலம். நகர்முனையிலிருந்து தரைக்கு 1 மெகா ஓம் மின்தடை ஒன்றும் அவசியம். தொடர்பு ஒரு கணம் விட்டாலும் கிரிட் அந்தரத்தில் நில்லாது.

பெரும்பாலோர்க்கு இவ்வளவே போதும். நமக்குப் போதவில்லை, ஒருமுறை ஐயுற்ற செவி எளிதில் அமைதி கொள்வதில்லை. ரிச்சி தெருவில் 24 நிலை ரோட்டரி சுவிட்சும் 1 விழுக்காட்டு மெட்டல் ஃபிலிம் மின்தடைகளும் வாங்கினோம். படிக்கு 2 டெசிபல், மேலிருந்து 20.5, 16.2, 13 கிலோ ஓம் என்று இறங்கும் வரிசை. பக்கத்துக்கு 23, ஆக 46 மின்தடைகள். அடுத்த முனையைத் தொட்ட பின்னரே முந்தையதை விடும் வகைச் சுவிட்சாகப் பார்த்து வாங்க வேண்டும். அல்லாவிடில் படிதோறும் ‘டப்’பென்று ஒலிக்கும்.

இப்போது வீணை நடுவில் அமர்ந்துவிட்டது. ஒரு குறை உண்டு. நாம் விரும்பும் ஒலியளவு சில இரவுகளில் இரு படிகளுக்கு இடையே அமைந்துவிடுகிறது. அப்போது கீழ்ப்படியையே தேர்கிறோம். அடுத்த அறையில் தாயார் உறங்குகிறார்.