அவர் வருமுன் ஆள் போடாதே!

தோழர்களே,

வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நமது உதைபந்தாட்டக் கழகத்தின் பொதுச்சபை கூடுகிறது. நிகழ்ச்சி நிரலில் நான்காவதாக ஒரு வரி இருக்கிறது: உதவிப் பயிற்றுவிப்பாளர்கள் மூவரை நியமித்தல். கணக்கறிக்கை வாசித்து எல்லோரும் அலுத்து, தேத்தண்ணி எப்போது வரும் என்று பார்த்திருக்கும் நேரத்துக்கு வைத்த வரி அது. புதிய தலைமைப் பயிற்றுவிப்பாளர் அடுத்த மாதம்தான் யட்டவத்த மண்ணில் கால் வைக்கப்போகிறார். நம் மைதானத்தில் மேட்டுப் பக்கம் எது, மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் மூலை எது என்று அவருக்கு இன்னும் தெரியாது. நம் பையன்களில் ஒருவன் பந்தைத் தொட்டதைக்கூட அவர் பார்த்ததில்லை. அதற்குள் அவருக்கு வலக்கை யார், இடக்கை யார், கோல்காப்பாளர்களைப் பழக்குபவர் யார் என்று செயற்குழு முடிவு செய்துவிட்டது. நாம் கை தூக்குவது மட்டும்தான் பாக்கி.

தூக்காதீர்கள். அந்த மூவரும் கெட்டவர்கள் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. இரண்டு பேர் நம்மோடு ஆடியவர்கள். ஒருவர் எனக்கு உறவு. அவர்களை எடுப்பதா விடுவதா என்பதைப் புதியவர் தீர்மானிக்கட்டும் என்பதுதான் கோரிக்கை.

போன பருவத்தின் கடைசி மேட்ச் நினைவிருக்கிறதா? இரண்டாம் பாதி, ஒன்றுக்கு ஒன்று. தலைமைப் பயிற்றுவிப்பாளர் கோட்டோரம் நின்று “ஏறு, ஏறு, லைனைத் தூக்கு” என்று தொண்டை கிழியக் கத்துகிறார். பத்தடி தள்ளி, செயற்குழு கொண்டுவந்து வைத்த உதவியாளர் “நில்லுடா, பின்னால நில்லு” என்கிறார். நடுவில் நின்ற இரண்டு தடுப்பாளர்களில் மூத்தவன் ஏறினான், சின்னவன் நின்றான். ஓப்சைட் என்று நம் ஆட்கள் கை தூக்கினார்கள். கொடி எழவில்லை. எப்படி எழும்? சின்னவன் அங்கேயே நின்றானே! பந்து வலைக்குள். ஏச்சு வாங்கியவன் சின்னவன்தான். இரண்டு பெரியவர்கள் வாரக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததற்குப் பதினேழு வயதுப் பிள்ளை தண்டம் கட்டினான். அடுத்த வாரம் அவன் பயிற்சிக்கு வரவில்லை.

உதவியாளர் என்றால் கூம்பு அடுக்கி விசில் ஊதுகிறவர் என்று நம்மில் பலருக்கு நினைப்பு. பதினொருவரில் இடம் கிடைக்காமல் பெஞ்சில் குந்தியிருக்கும் பையனின் முகத்தை வாசிப்பவர் அவர்தான். தொடை பிடித்திருப்பதைத் தலைமைப் பயிற்றுவிப்பாளரிடம் சொன்னால் அணியில் இடம் போய்விடும் என்று பயப்படுகிறவன், அவரிடம்தான் மெதுவாகச் சொல்வான். எதிரணியின் மேட்சைப் போய்ப் பார்த்து, அவர்களுடைய இடது பக்கத்து ஆள் வலது காலால் மட்டுமே அடிக்கிறான் என்று குறித்து வருவதும் அவரே. இடைவேளையில் மூத்தவர் கொதித்துப்போய் நிற்கும்போது “நாம போட்ட திட்டம் பிழை, மாத்துவோம்” என்று காதோடு சொல்ல ஒருவர் வேண்டும். அப்படிச் சொல்வதற்கும் அதைக் கேட்டுக்கொள்வதற்கும் இருவருக்கும் இடையில் நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கையைச் செயற்குழு கடிதம் அடித்துக் கொடுக்க முடியாது.

இங்கிலாந்தில் பிரையன் கிளஃப் என்று ஒரு பயிற்றுவிப்பாளர் இருந்தார். பீட்டர் டெய்லர் என்ற பழைய கோல்காப்பாளர் அவருக்கு உதவியாளர். ஆட்டக்காரனை இனங்காணும் கண் டெய்லருடையது. அவனை வேலை வாங்கும் வாய் கிளஃபுடையது. இருவரும் சேர்ந்து 1972இல் டார்பி கவுண்டியை முதல் பிரிவுச் சம்பியனாக்கினார்கள். 1974இல் கிளஃப் லீட்ஸ் யுனைட்டட் போனபோது டெய்லர் கூடப் போகவில்லை, பிரைட்டனில் தங்கிவிட்டார். லீட்ஸில் கிளஃப் தாக்குப்பிடித்தது 44 நாட்கள். அங்கே மூத்த ஆட்டக்காரர்களை அவர் வாய்க்கு வந்தபடி பேசி வைத்திருந்ததும் ஒரு காரணம், அதை மறைக்க வேண்டாம். ஆனால் அந்த வாயை அடக்கக்கூடிய ஒரே ஆள் பக்கத்தில் இல்லை. 1976இல் டெய்லர் நொட்டிங்ஹாம் ஃபொரஸ்டில் அவரோடு மறுபடி சேர்ந்தார். 1978இல் லீக் பட்டம், 1979இலும் 1980இலும் ஐரோப்பியக் கிண்ணம். 1982இல் டெய்லர் விலகினார். அதற்குப் பிறகு கிளஃப் லீக் பட்டத்தைத் தொடவே இல்லை.

செயற்குழுவில் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மன்செஸ்டர் யுனைட்டட் கதையை எடுத்து நீட்டுவார்கள், தயாராக வாருங்கள். 2013இல் பயிற்றுவிப்பாளர் ஃபேர்கஸன் ஓய்வுபெற, அந்த இடத்துக்கு டேவிட் மொயெஸ் வந்தார். சம்பியன் அணியின் பயிற்சிக் குழுவில் இருந்த மைக் ஃபீலன், ரெனே மியூலன்ஸ்டீன், எரிக் ஸ்டீல் மூவரும் வெளியே போனார்கள். எவர்டனில் தன்னோடு இருந்தவர்களை மொயெஸ் கூட்டி வந்தார். அடுத்த ஏப்ரலில் அவரே வெளியே. அந்தப் பருவம் யுனைட்டட் ஏழாம் இடம். இதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவு, பயிற்றுவிப்பாளருக்குத் தெரிவுரிமை கொடுக்காதே என்பது. நான் எடுப்பது வேறு. மொயெஸ் தன் உரிமையைப் பிழையாகப் பயன்படுத்தினார், அந்தப் பிழைக்கு அவரே பதில் சொல்லிவிட்டுப் போனார். நம் கழகத்தில் போன பருவத்துத் தோல்விக்கு யார் பதில் சொன்னது? தலைமைப் பயிற்றுவிப்பாளர் “ஆள் என் ஆளில்லை” என்றார். குழு “பயிற்சி எங்கள் வேலையில்லை” என்றது.

ஒரு மூத்த தோழர் என்னிடம் கேட்ட கேள்வி இதைவிடக் கூர்மையானது. “தன் ஆளைத் தானே கூட்டி வாறது கங்காணி வேலைதானே?” தோட்டத்தில் பிறந்தவர் கேட்கும் கேள்வி அது, தட்டிக்கழிக்க முடியாது. பெரிய கங்காணி சில்லறைக் கங்காணிகளைச் சேர்த்தார், அவர்கள் ஆள் சேர்த்தார்கள், கடன் முழுக்கத் தொழிலாளியின் தலையில் விழுந்தது. துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழிக்கும்வரை, கடன் தொகை எழுதிய துண்டு கையில் இருந்தால்தான் ஒருவர் தோட்டம் மாறலாம். ஆனால் அந்தக் கங்காணியை எந்தத் தொழிலாளியாவது பொதுச்சபை கூட்டி விலக்கியதுண்டா? நம் பயிற்றுவிப்பாளரை நாம் விலக்கலாம். அவர் போனால் அவர் எடுத்தவர்களும் போவார்கள். இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். பயிற்றுவிப்பாளருக்குத் தெரியாமல் அவர் பக்கத்தில் ஒரு ஆளை வைத்து, பெஞ்சில் பேசியதை இரவே குழுவின் காதுக்குக் கொண்டுவரச் செய்வதில்தான் கங்காணி வாடை அடிக்கிறது.

மேலிருந்து வரும் கை என்ன செய்யும் என்பதை நாடே பார்த்தது. மூன்றாம் தரப்புத் தலையீடு என்று 2023 ஜனவரி 21இல் பீபா இலங்கை உதைபந்தாட்டத்தைத் தடை செய்தது. ஓகஸ்ட் கடைசியில்தான் தடை நீங்கியது. இடையில் பெங்களூரில் தெற்காசியக் கிண்ணம் நடந்தது, நம் நாடு இல்லாமல். அதே நாடு 2024 செப்டெம்பரில், குவைத்துக்காரரான அப்துல்லா அல் முதைரியின் பயிற்சியில், கம்போடியாவை அவர்கள் மண்ணில் பெனால்டியில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றுக்குள் நுழைந்தது. உதவியாளர் விவகாரமும் பீபா தடையும் ஒன்றல்ல, தெரியும். மைதானத்துக்கு வெளியே இருப்பவர் மைதானத்துக்குள் கை வைக்கும் பழக்கம் ஒன்றுதான்.

புதியவர் உள்ளூர் ஆளை விட்டுவிடுவாரே என்ற பயம் நியாயமானது, எனக்கும் உண்டு. தமிழ், சிங்களம் இரண்டிலும் பிள்ளைகளை அதட்டத் தெரிந்தவர், எந்தப் பையன் காலையில் சாப்பிடாமல் வருகிறான் என்று அறிந்தவர் ஒருவர் அணியோடு இருக்கத்தான் வேண்டும். கிரீஸ் அணியைப் பழக்கிய ஓட்டோ ரெஹாகலுக்குக் கிரேக்க மொழி தெரியாது. யோனிஸ் தோபாலிதிஸ் அவருக்கு உதவியாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தார். 2004இல் கிரீஸ் ஐரோப்பாவையே வென்றது. இந்திய அணியில் தலைமைப் பயிற்றுவிப்பாளர் கொன்ஸ்டன்டைனுக்கு உதவியாக இருந்த சண்முகம் வெங்கடேஷ், 2019இல் அந்தப் பதவிக்கு ஸ்டிமாச் வந்த பிறகும் தொடர்ந்தார். ஆகவே ஒரு இடம் இந்தப் பகுதி ஆளுக்கு என்று விதி வைப்போம். அந்த ஆள் யார் என்பதைப் புதியவர் நம் எல்லோரோடும் ஒரு வாரம் பயிற்சி நடத்திப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நாம் வைக்கப்போகும் திருத்தம் இதுதான்: நான்காம் விடயத்தை ஒத்திவைக்க வேண்டும். தலைமைப் பயிற்றுவிப்பாளர் வந்து மூன்று வாரத்துக்குள் தன் உதவியாளர்களின் பெயர்களைக் கொடுக்க வேண்டும். மூவரில் ஒருவர் இந்தப் பகுதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். சம்பளம் வரவுசெலவுக்குள் அடங்க வேண்டும். பிள்ளைகளின் பாதுகாப்பு, தகைமை, பணம் ஆகிய காரணங்களுக்காகக் குழு ஒருவரை மறுக்கலாம், ஆனால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். மறுத்த இடத்தில் தன் ஆளைப் போடக் கூடாது. உதவியாளர்களின் காலம் தலைமைப் பயிற்றுவிப்பாளரின் காலத்தோடு முடியும்.

போன வருடம் சந்தா கட்டாதவர்களுக்கு வாக்கு இல்லை என்று அன்று காலையில் திடீரென்று அறிவிப்பார்கள். சனிக்கிழமை மாலைக்குள் பொருளாளரிடம் கட்டி, ரசீதைக் கையோடு கொண்டுவாருங்கள். தோட்டத்தில் ஞாயிறு கைக்காசு வேலை இருக்கிறவர்கள் பத்தரை மணிக்காவது வந்து சேருங்கள், நான்காம் விடயம் அதற்குமுன் வராது. முன் வரிசையில் உட்காருங்கள். பையன்களையும் கூட்டி வாருங்கள், அவர்களுக்கு வாக்கு இல்லாவிட்டாலும் குழு அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசட்டும். திருத்தத்தை நான் முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். இன்றிரவே எனக்குப் பெயர் சொல்லுங்கள்.