புதியோர்க்கு அனுபவமோ?

"பைத்தியம் தெளிந்தால் கலியாணம் ஆகும்; கலியாணம் ஆனால் பைத்தியம் தெளியும்" என்பது நம் நாட்டுப் பழமொழி. இதன் பொருளை யாம் நன்கு உணர்ந்தது வகுப்பறையில் அன்று. விடுதியிற் கணினித்துறை நண்பர் ஒருவர் தம் கைபேசியிற் காட்டிய வேலை அறிவிப்பிலேயாம். "மென்பொருள் உருவாக்குநர்: தொடக்கநிலைப் பணி" என்பது தலைப்பு. அதன்கீழ், "2 முதல் 3 ஆண்டு அனுபவம் இன்றியமையாதது" என்பது நிபந்தனை. தொடக்கம் என்னும் சொல்லுக்கு இதுகாறும் யாம் கற்ற பொருள் வேறு. தமிழ் பயில்வோர்க்கு மென்பொருளைப்பற்றி என்ன பேச்சு என்பார்க்கு, சொல் தன் பொருளை இழக்குமிடத்துப் பேசுதல் எம் கடமை என்பதே எம் விடை.

இந்நிபந்தனை எவ்வளவு சிந்தனையின்றி எழுதப்படுகிறது என்பதற்குச் சான்று ஒன்று தருவோம். பைத்தான் மொழியில் இணையச் சேவைகளை அமைத்தற்கு உதவும் 'ஃபாஸ்ட்ஏபிஐ' என்னும் கருவியைச் செபாஸ்டியன் ராமிரெஸ் என்பார் 2018ஆம் ஆண்டில் வெளியிட்டார். 2020 ஜூலையில் அவர் கண்ட ஓர் அறிவிப்பு, அக்கருவியில் 4 ஆண்டிற்கு மேற்பட்ட அனுபவம் கேட்டது. கருவி பிறந்து ஒன்றரை ஆண்டே ஆகியிருந்தமையின், அதனைப் படைத்த தமக்கே அப்பணிக்குத் தகுதியில்லை என்று அவர் வெளிப்படையாக எழுதினார். உலகம் நகைத்தது, நிபந்தனைகளோ ஒழிந்தபாடில்லை.

நிறுவனத்தார் கூறும் காரணங்களை யாம் புறக்கணிக்கவில்லை. புதியவரைப் பழக்கப் பல திங்கள் ஆகும். பழகியபின் அவர் கூடுதல் ஊதியம் நாடிப் பிரிவதும் உண்டு. ஒரு வரிப் பிழையாற் பலர் கணக்குக் குழம்புதலும் கூடும். இவை மெய்யே. ஆயினும் ஆண்டுக்கணக்கு திறமைக்கு அளவுகோல் ஆகுமோ? ஒரே வேலையை மும்முறை செய்தவர்க்கும் மூன்றாண்டு அனுபவம் உண்டு. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் கருவை லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்டபோது, அவர் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் இருபத்தோரு வயது மாணவர்.

பெரிய நிறுவனங்கள் சில கல்லூரிகளுக்கே வந்து ஆளெடுத்துப் பல திங்கள் பயிற்றுவித்தல் பாராட்டற்குரியது. ஆனால் அவை எல்லாக் கல்லூரி வாயிலையும் மிதிப்பதில்லை. சிற்றூர்க் கல்லூரியிற் பயின்றவன் அறிவிப்புகளையே நம்பி வாழ்கிறான். அவன் விண்ணப்பத்தையும் பலவிடத்து மனிதர் படிக்குமுன் ஓர் இயந்திரம் ஆண்டுக்கணக்குப் பார்த்துத் தள்ளிவிடுகிறது.

இதன் விளைவே எம்மை எழுதத் தூண்டியது. மேற்கூறிய நண்பரின் தமையனார் பட்டம் பெற்று ஈராண்டு அலைந்தார். குறித்த தொகை தந்தால், பெயரளவில் உள்ள ஒரு நிறுவனத்தில் ஈராண்டு பணியாற்றியதாகச் சான்றிதழ் தருவோம் என்றார் ஒரு தரகர். அவர் மறுத்தார், இன்று ஒரு துணிக்கடையிற் கணக்கெழுதுகிறார். அவருடன் பயின்று, அச்சான்றிதழை வாங்கியவரோ கணினிமுன் அமர்ந்திருக்கிறார், என்று அகப்படுவோமோ என்னும் அச்சத்துடன். மெய்யனை வெளியே நிறுத்திப் பொய்யனை உள்ளே விடும் வாயில், எதற்காகக் காக்கப்படுகிறது?

வழி இல்லாமலில்லை. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் 2014இல் திருத்தப்பெற்றபின், பொறியியல் அல்லாத பட்டதாரிகளும் உதவித்தொகையுடன் பழகுநராகலாம். அதனை நிறுவனங்கள் மனமுவந்து கைக்கொள்ளல் வேண்டும். பொதுவெளியில் எவரும் காண மாணவர் எழுதிவைத்த நிரல்களை அனுபவமாக எண்ணல் வேண்டும். சிறு பணி ஒன்றைத் தந்து சோதித்தல், ஆண்டுகளை எண்ணுவதினும் நேரியது. பழகியவரே வேண்டுமெனின் 'தொடக்கநிலை' என்னும் சொல்லையேனும் நீக்குதல் நேர்மை. அனைவரும் விளைச்சலையே வேண்டி ஒருவரும் விதைநெல் வைக்காவிடின், சில ஆண்டில் அறுக்கப் பயிர் ஏது? இன்று அனுபவம் உடையார் ஒவ்வொருவர்க்கும் அனுபவமில்லாத ஒருநாளில் யாரோ ஒருவர் இடங்கொடுத்தார் அன்றோ?

உடன் பயிலும் நண்பர்களே, அறிவிப்பைக் கண்டு அஞ்சற்க. கற்றதைச் செய்து காட்டுமின். பொய்ச்சான்றை மட்டும் தீண்டற்க. நமது கலாசாலையின் பழைய மாணவர்களே, உங்களிற் பலர் இன்று ஆளெடுக்கும் மேசையின் அப்புறத்தில் அமர்ந்துள்ளீர். அடுத்த அறிவிப்பு உங்கள் கைக்கு வரும்போது, அந்த ஒரு வரியை அடிக்க உங்கள் எழுதுகோல் போதும். யாம் வேண்டுவது இரக்கம் அன்று. தகுதியைக் காட்ட ஓர் இடம்.