முடி கொட்டுகிறதா? எண்ணெயைத் தேடாதீர்கள்... தட்டைப் பாருங்கள்!

அந்த அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். உட்கார்ந்ததுமே கைப்பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். உள்ளே சுருள் சுருளாகத் தலைமுடி. ஒரே வாரத்தில் கொட்டியதாம்!

"எடை குறையறதுக்காக நாலு மாசத்துக்கு முன்னாடி இரைப்பையில ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன் டாக்டர். இருபத்தஞ்சு கிலோ குறைஞ்சிருக்கு. சுகர் மாத்திரையைக்கூடக் குறைச்சுட்டாங்க. ஆனா தலையில கை வெச்சா கொத்துக் கொத்தா முடி வருது. நல்ல மூலிகைத் தைலமா ஒண்ணு குடுங்க..."

நான் தைலம் கொடுக்கவில்லை. "நேத்து என்னென்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன்.

காலையில் ஒரு இட்லி. மதியம் குழைந்த ரசம் சாதம் நாலு ஸ்பூன். ராத்திரி கஞ்சி. "ஆபரேஷன் ஆன உடம்பு, பத்தியமா இருக்கணும்னு மாமியார் பார்த்துப் பார்த்துச் செஞ்சு தர்றாங்க" என்றார். அடுத்து சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "ஆஸ்பத்திரியில குடுத்த சத்து மாத்திரையெல்லாம் சூடு, அதனாலதான் முடி கொட்டுதுன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. நிறுத்திட்டேன்."

இந்த இரண்டு தப்பும் பல வீடுகளில் நடக்கின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு ஆறுதல். இந்த முடி உதிர்வு பெரும்பாலும் தற்காலிகமானதுதான். நம் தலைமுடியில் பத்தில் ஒன்பது பங்கு வளர்ந்துகொண்டிருக்கும். மீதி ஓய்வில் இருந்து, பிறகு உதிரும். தினமும் 50 முதல் 100 முடி வரை விழுவது எல்லோருக்கும் சகஜம். பெரிய ஆபரேஷன், கடுமையான காய்ச்சல், பிரசவம் என்று உடம்பு அதிர்ச்சியைச் சந்திக்கும்போது, வளர்ந்துகொண்டிருக்கும் முடியில் ஒரு பகுதியும் சட்டென்று ஓய்வுக்குப் போய்விடுகிறது. அப்படிப் போன முடி சுமார் மூன்று மாதம் கழித்துத்தான் விழும். 'குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் அம்மாவுக்கு முடி கொட்டும்' என்று நம் பாட்டிகள் சொன்னது இதைத்தான்! வேர் சாகவில்லை. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் உதிர்வு அடங்கும், புதுமுடி முளைக்கும். பழைய அடர்த்தி வர மேலும் சில மாதங்கள் ஆகலாம்.

ஆனால், முளைக்கும் முடிக்குத் தீனி வேண்டுமே! முடி என்பதே புரதத்தால் ஆனது. சித்த மருத்துவத்தில் உடல் தாதுக்கள் ஏழு. உண்ட உணவிலிருந்து முதலில் சாரம், அதிலிருந்து செந்நீர் என்று ஒன்றிலிருந்து ஒன்றாக உடம்பு வளர்கிறது. சாரமே வறண்டுபோனால் முடிக்கு எங்கிருந்து வரும்?

இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷனில் ஏறக்குறைய முக்கால் பங்கு இரைப்பையை எடுத்துவிடுகிறார்கள். சாப்பிட முடிவதே கொஞ்சம். அந்தக் கொஞ்ச இடத்தையும் கஞ்சியும் ரசமும் அடைத்துக்கொண்டால் எப்படி? இவர்களுக்குத் தினமும் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. ஒரு இட்லியில் இருப்பது சுமார் 2 கிராம்தான். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய அதே அளவு. சைவமானால் பனீர், தயிர், குழைய வேகவைத்த பருப்பு. அசைவமானால் முட்டை, மீன், கோழி. இவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டு, வயிற்றில் இடமிருந்தால் சாதம். போதாததற்கு டாக்டர் சொல்லும் புரதப் பவுடர்.

பத்தியம் என்றால் பட்டினி இல்லை. நோய்க்கும் உடம்புக்கும் ஏற்ற உணவே பத்தியம். இந்த உடம்புக்கு முட்டைதான் பத்தியம், கஞ்சி இல்லை!

இரண்டாவது, மாத்திரை. பி12 சத்து உடம்பில் சேர இரைப்பையின் உதவி வேண்டும். இரைப்பை சுருங்கியபின் அது குறைகிறது. சேமிப்பு தீரும்வரை குறை வெளியே தெரியாது. தெரியும்போது கால் மரத்துப்போகும், நரம்பே பாதிக்கப்படலாம். கொட்டிய முடி திரும்ப வரும். கெட்ட நரம்பு முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. சித்த வைத்தியரே இங்கிலீஷ் மாத்திரைக்குப் பரிந்து பேசுகிறாரே என்று நினைக்காதீர்கள். இங்கே அதுதான் நியாயம். ஆபரேஷன் செய்த டாக்டர் சொல்லும்வரை அந்த மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு விழுங்காதீர்கள். கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

எங்கள் மருந்துகளையும் சொல்லிவிடுகிறேன். கரிசலாங்கண்ணித் தைலம் தேய்ப்பதில் தப்பில்லை. வறட்சி குறையும், மனசுக்கும் இதம். ஆனால் அது இந்த உதிர்வை நிறுத்தாது. சூரணம், செந்தூரம் என்று எதையும் ஆபரேஷன் செய்த டாக்டருக்குத் தெரியாமல் உள்ளே சாப்பிடாதீர்கள். முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தப் பரிசோதனைக்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள். தைராய்டு முடிவையே அது மாற்றிக் காட்டும்.

எப்போது கவலைப்பட வேண்டும்? ஆறு மாதம் தாண்டியும் உதிர்வு நிற்கவில்லை, வட்ட வட்டமாகச் சொட்டை விழுகிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கால் மரத்துப்போகிறது என்றால் தாமதிக்காமல் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அடிக்கடி வாந்தி வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "அப்பவே ஆபரேஷன் வேணாம்னு சொன்னேன்ல..." என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். சீப்பைக் கையில் எடுக்கவே பயந்து நிற்கிறவரிடம் சொல்கிற பேச்சா அது? அதற்குப் பதில் ஒரு முட்டையை வேகவைத்துக் கொடுங்கள்.

அந்த அம்மா எட்டு மாதம் கழித்து மறுபடி வந்தார், மாமியாரோடு. நெற்றியோரம் குட்டிக் குட்டியாகப் புதுமுடி குத்திட்டு நின்றது. "எண்ணெய் வெச்சாலும் படிய மாட்டேங்குது டாக்டர்" என்றார் மாமியார். புகார் மாதிரிதான் சொன்னார். முகத்தில் மட்டும் சிரிப்பு!