கல்லாப்பெட்டியும் பெஞ்சும்

லாபம் மட்டும் போதுமா, தொழிலுக்கு ஒரு நோக்கம் வேண்டாமா என்று இப்போது ஊரெல்லாம் உபதேசம் நடக்கிறது. சுயதொழில் பயிற்சி வகுப்பிலும் இதே பேச்சுத்தான். நான் வங்கியில் கிளார்க். ஒத்தையாளாய்க் கடை போட்டவர்கள் கடன் கேட்டு வந்து உட்காரும் மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவன். டீக்கடை, தையல் மிஷின், பஞ்சர் கடை, இட்லிக்கடை, செருப்புத் தைக்கிற பெட்டி. கம்பம், கூடலூர், சின்னமனூர், உத்தமபாளையம் என்று பள்ளத்தாக்கு முழுக்க இப்படிப் பொழப்பு நடத்துகிற சனங்கள் இருக்கிறார்கள். அதில் நம்ம ஆட்களைப் பார்த்து 'லாபத்துக்கு அப்பால்' என்று பேசுவதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. லாபம் என்ற ஒன்றை நம்மை எப்போது பார்க்க விட்டார்கள்?

லாபமில்லாமல் உழைப்பது நமக்குப் புதுசா? பறையடித்தோம். செத்த மாட்டைத் தூக்கினோம். செருப்புத் தைத்தோம். சாவுச் சேதி சுமந்து ஊர் ஊராய் ஓடினோம். எதற்கும் விலை கிடையாது. அறுப்பு முடிந்ததும் களத்துமேட்டில் துண்டை விரித்து நிற்க வேண்டும். அள்ளிப் போட்டதுதான் கூலி. கூடக் கேட்டால் "என்னடா, கணக்குப் பேசுற?" என்று வரும். களத்தில் அப்படிக் கொடுத்த தானியத்துக்குச் 'சுதந்திரம்' என்றே ஒரு பேர் இருந்தது. பழைய நிலவரிக் கணக்குகளைப் பாருங்கள். நம்முடைய அடிமைத்தனத்துக்கு இதைவிடக் கேலியான பேர் யாரும் வைக்க முடியாது.

அதனால்தான் சொல்கிறேன். ஒரு தலித் தன் கடைச் சுவரில் டீ இவ்வளவு, வடை இவ்வளவு என்று எழுதி மாட்டும் விலைப்பலகையே ஒரு கலகம். என் உழைப்புக்கு விலையை நான் சொல்வேன் என்கிற கலகம். காசு கேட்க நமக்குக் கூச்சம் தேவையில்லை. நோக்கம் பிறகு. முதலில் விலை.

கடன் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "ஒங்க கூலிய எழுதினீங்களா?" என்பதைத்தான். பால், சீனி, தேயிலைத்தூள், கேஸ், வாடகை எல்லாம் நோட்டில் இருக்கும். விடியக்காலை நாலு மணிக்குக் கடை திறந்து, ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிற பொம்பளைகளுக்கு டீ ஆற்றி, ராத்திரி வரை நின்ற அந்த ஆளுடைய கூலி மட்டும் நோட்டில் இருக்காது. "அது எதுக்குண்ணே, நம்ம கடதான" என்பார்கள். அந்த ஜீப்பில் ஏறிப் போயிருந்தால் கிடைத்திருக்கும் கூலியைக்கூடத் தனக்குத் தானே கொடுக்காத முதலாளி! பண்ணையாளாய் இருந்த பழக்கம் இன்னும் விடவில்லை. 2015-இல் வந்த முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரைக்கும் 'சிசு' கடன் உண்டு. ஈடு கேட்கக் கூடாது. நல்லதுதான். ஆனால் தன் கூலியைக் கணக்கில் சேர்க்காதவர் லாபம் என்று நினைத்துத் தின்பது முதலைத்தான். கடைசியில் தண்டல்காரர் வாசலில் வந்து நிற்பார்.

பொழப்பையும் நோக்கத்தையும் ஒரே ஆளாய்ச் சேர்த்துச் சுமந்தவர் நமக்கு முன்னோடியாக இருக்கிறார். அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர். 1907 ஜூன் 19-இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். பேர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையையே பேராக வைத்தார். அடுத்த வருசம் அது 'தமிழன்' ஆனது. 1914-இல் அவர் மறையும் வரை விடாமல் நடத்தினார். இனாமாய்க் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு பைசா கொடுத்து வாங்குகிறவன் யாருடைய தருமத்துக்கும் கடமைப்பட்டவன் இல்லை. எழுதினவரும் யாரிடமும் கையேந்தியவர் இல்லை. அந்தப் பைசாவில் இரண்டு பேருடைய மரியாதையும் இருந்தது.

சரி, விலை சொல்லியாச்சு. கூலியும் எழுதியாச்சு. அதற்கு மேல் என்ன?

டீக்கடையையே எடுத்துக்கொள்வோம். கோயிலுக்கு அடுத்தபடியாய் நம் ஊர்களில் சாதி உட்கார்ந்திருந்த இடம் டீக்கடைதான். தனி டம்ளர், சிரட்டை, பெஞ்சில் உட்காராமல் தரையில் குத்தவைத்துக் குடிப்பது. 1955-லேயே இதைக் குற்றம் என்று சட்டம் சொன்னது. அதற்குப் பிறகும் டம்ளர் பிரிந்தேதான் கிடந்தது.

இதற்கு எதிர்க்கடை போட்ட ஒருவரின் கதை மராட்டியத்துக் கோலாப்பூரில் இருக்கிறது. கங்காராம் காம்ப்ளே ஒரு மகார். அரண்மனைக் குதிரை லாயத்தில் வேலை. சாதி இந்துக்களின் தண்ணீர்த் தொட்டியைத் தொட்டார் என்று அடித்தார்கள். மன்னர் ஷாகு அவருக்குப் பணம் கொடுத்துச் சொந்தமாய்த் தொழில் செய்யச் சொன்னார். காம்ப்ளே டீக்கடை திறந்தார். பேர் 'சத்யசுதாரக்'. மேல்சாதிக்காரர் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஷாகு தன் வண்டியைக் கடை வாசலில் நிறுத்தி டீ கேட்டார். குடித்தார். கூட வந்தவர்களுக்கும் கொடுக்கச் சொன்னார். 1922-இல் மறைந்த அந்த மன்னரை இன்றும் மெச்சுகிறோம். மெச்ச வேண்டியதுதான். ஆனால் வராத கூட்டத்துக்காக அடுப்பைப் பற்றவைத்துக் காத்திருந்தவர் காம்ப்ளே. நோக்கம் என்றால் அதுதான்.

அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 29 அன்று, கடை என்றால் எது என்று கேள்வி வந்தது. தேடி வருகிற யாருக்கும் தன் சேவையைத் தர ஒருவர் ஆயத்தமாய் இருக்கும் இடம் கடை என்று அம்பேத்கர் விளக்கம் சொன்னார். டாக்டரும் வக்கீலும் அதில் அடக்கம் என்றார். அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவில் கடை என்ற சொல் இந்த அர்த்தத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. 'யாருக்கும்' என்பதுதான் அதில் உயிர்.

நம் கடைகள் எப்படி இருக்கின்றன? டவுனில் கடை போட்டவர் எந்தத் தெரு என்று சொல்வதில்லை. அம்பேத்கர் படம் வீட்டில் இருக்கிறது, கடையில் இல்லை. மாட்டினால் யாவாரம் போயிரும் என்கிறார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. நம் கடைக்குப் போகக்கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு போட்டால் அது வன்கொடுமைக் குற்றம். 2016 சனவரி 26 முதல் சட்டம் அப்படித்தான். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் அடுத்த கடைக்குப் போகிறவர் மேல் எந்தக் கேசும் நிற்காது. மாதச் சம்பளக்காரன் அவரிடம் தியாகம் கேட்பது நியாயமில்லை. படத்தை மாட்டுகிற நாளை அவரே முடிவு பண்ணட்டும்.

பெஞ்சைப் பற்றி மட்டும் கேட்பேன். குப்பை அள்ளிவிட்டு வேலை உடுப்போடு வருகிற அருந்ததியர் பெண் நம் பெஞ்சில் உட்கார முடியுமா? பள்ளர் கடையில், பறையர் கடையில் அவருக்கும் அதே டம்ளர்தானா? அவர் உட்கார்ந்ததும் எழுந்து போகிற வாடிக்கைக்காரரைப் போகட்டும் என்று விட நமக்குத் தைரியம் இருக்கிறதா? இல்லையென்றால் எவனோ செய்த அநியாயத்தை நம் காசு போட்டு நாமே நடத்துகிறோம் என்று அர்த்தம்.

கடைக்காரரை மட்டும் கேட்டால் போதாது, தோழர்களே. அந்த வாடிக்கைக்காரர் எழுந்து போன இடத்தில் போய் உட்கார வேண்டியவர்கள் நாம். ஷாகு மாதிரி செய்ய ராச்சியம் வேண்டாம், டீக்காசு போதும். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். நம்ம ஆள் கடைதானே என்று கடன் சொல்லாதீர்கள். நம்ம ஆள் கடை என்பதால்தான் ரொக்கம் கொடுக்க வேண்டும்.