மட்டாஞ்சேரி வீட்டில் ஒரு பவளத்தொட்டி

நான் கொச்சியில் கடல் உயிரியல் ஆய்வு செய்பவன் என்று தெரிந்தவுடன் மட்டாஞ்சேரியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் உள்ள நம்மவர் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைக்கலாமா? அதில் பவளம் வளர்க்கலாமா?" நன்னீரில் கப்பியும் ஏஞ்சலும் வளர்த்துக் கைப்பழக்கம் பெற்றவர்கள், கைப்பேசித் திரையில் நீல விளக்கின்கீழ் அசையும் பவளங்களைக் கண்டு மனம் பறிகொடுத்துவிட்டு வருகிறார்கள். அந்த ஆசையைக் குறைத்து மதிப்பிடுபவன் அல்லன் நான். தனித்தனியே சொல்லிவந்ததை ஓரிடத்தில் எழுதிவைத்தால் பயன்படும் என்று தோன்றியதால் இந்த நீண்ட பதிவு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடல்நீர்த் தொட்டி வைக்கலாம். அதில் வன்பவளம் இருக்கக்கூடாது. மீன்கள் பொரிப்பகத்தில் பிறந்தவையாக இருக்கவேண்டும். இந்நிலைப்பாட்டைத் தொட்டி வளர்ப்போர் கோழைத்தனம் என்பார்கள். இயற்கைப் பாதுகாப்பில் ஈடுபட்டிருக்கும் நண்பர்கள் சமரசம் என்பார்கள். இரு தரப்பாருக்கும் விடை சொல்ல முயல்கிறேன்.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். "கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, இரண்டு குடம் மொண்டு வந்தால் போதாதா?" என்று கேட்காதவர் இல்லை. மட்டாஞ்சேரி வாய்க்காலில் ஓடுவது கடல்நீர் என்று சொல்வது ஆண்டின் சில மாதங்களுக்கு மட்டுமே பொருந்தும். பெரியாறு, மூவாற்றுப்புழை, மீனச்சில், மணிமலை, பம்பை, அச்சன்கோவில் ஆகிய ஆறுகளின் நீரைப் பெறும் வேம்பநாட்டுக் காயல் கொச்சி அழிமுகத்தின் வழியாகக் கடலில் கலக்கிறது. தென்மேற்குப் பருவமழை வலுக்கும்போது துறைமுகப் பகுதியின் மேற்பரப்பு நீர் ஏறத்தாழ நன்னீராகவே மாறிவிடுகிறது. கோடையில் மீண்டும் உப்பேறுகிறது. கூரலும் திருதையும் இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகியவை. பவளத்திட்டின் உயிர்களோ ஆண்டு முழுவதும் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்ற அளவில் வாழ்பவை. போதாக்குறைக்கு, கப்பல்களின் எண்ணெயும் ஏலூர்த் தொழிற்பகுதியின் கழிவும் நகரச் சாக்கடையும் இதே நீரில்தான் வந்து சேர்கின்றன. எனவே சீனவலைக்குப் பக்கத்தில் குடத்தை இறக்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள். தூய்மையாக்கிய நன்னீரில் செயற்கைக் கடலுப்பைக் கரைப்பதுதான் வழி. 200 லிட்டர் தொட்டிக்கு ஏழு கிலோவுக்கு மேல் உப்பு வேண்டும்.

தூய்மையாக்கிய நன்னீர் என்றால் ஆர்.ஓ. கருவியும் அதன்பின் அயனி நீக்கும் வடிகட்டியும். இங்கேதான் மேற்குக் கொச்சிக்கே உரிய ஓர் அறக்கேள்வி எழுகிறது. கடைக்காரர் எவரும் அதைச் சொல்வதில்லை. ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் நீரைத் தர மூன்று லிட்டரளவு நீரை வெளித்தள்ளும். வாரந்தோறும் தொட்டி நீரில் பத்தில் ஒரு பங்கை மாற்றவேண்டும். நாள்தோறும் ஆவியாவதையும் ஈடுசெய்யவேண்டும். (ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுவதால் ஈடாக ஊற்றவேண்டியது நன்னீர்தான். இதை மறந்து உப்புநீரையே ஊற்றிக்கொண்டிருப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.) கூட்டிப்பார்த்தால் வாரத்திற்கு 100 லிட்டருக்குக் குறையாத நீர் வெளியேறும். குழாய் வறண்ட நாள்களில் லாரித் தண்ணீருக்காகக் குடங்கள் வரிசையில் நிற்கும் சந்துகள் நம்முடையவை. ஆகவே வெளித்தள்ளப்படும் நீரை ஒரு பீப்பாயில் பிடித்துத் துணி துவைக்கவும் தரை கழுவவும் பயன்படுத்தும் ஏற்பாட்டைச் செய்தபின் உப்பு வாங்கப் போங்கள். அதற்கு இடமில்லாத வீட்டில் இந்தத் தொட்டிக்கும் இடமில்லை என்பது என் எண்ணம்.

இன்னொன்று, வீட்டின் வயது. 200 லிட்டர் தொட்டி, பாறை, மணல், கண்ணாடி, தாங்கி எல்லாம் சேர்ந்தால் 300 கிலோவைத் தாண்டும். மட்டாஞ்சேரியின் பழைய வீடுகள் பலவற்றில் மாடித்தளம் மரப்பலகையாலானது. அத்தளத்தின் உத்தரங்கள் இத்தனை எடையை ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் தாங்குவதற்கென்று அமைக்கப்பட்டவை அல்ல. கீழ்த்தளத்தில் சுவரோரமாக வையுங்கள். உப்புத்துளி தெறிக்கும் இடத்தில் இரும்பு ஏதும் இருக்கவேண்டாம்.

வெப்பமும் மின்தடையும் ஒன்றோடொன்று பிணைந்தவை. தொட்டி நீர் 25, 26 டிகிரியில் இருப்பது நல்லது. நம் அறைகளோ பல மாதங்கள் 30-ஐத் தொடுகின்றன. மின்விசிறியை நீர்ப்பரப்பின்மேல் ஓடவிட்டால் ஆவியாதலால் நீர் குளிரும் என்பது உண்மை. ஆனால் கொச்சியின் ஈரக்காற்றில் ஆவியாதல் மந்தமாகிவிடுவதால், வறண்ட ஊர்களில் பலிக்கும் அந்த உத்தி இங்கே பாதிதான் பலிக்கும். குளிர்விப்பான் வாங்கவேண்டியிருக்கும், மின்கட்டணம் ஏறும். மழைக்காலத்தில் மின்சாரம் போய்விட்டால் நீரோட்டம் நின்று, சூடான நீரில் ஏற்கெனவே குறைவாக இருக்கும் உயிர்வளி மேலும் குறையும். மின்கலத்தில் ஓடும் சிறு காற்றுப்பம்பு சில நூறு ரூபாய்தான். ஆயினும் பல்லாயிரம் ரூபாய்க்கு விளக்கு வாங்கியவர் வீட்டில் பெரும்பாலும் அது இருப்பதில்லை!

இனி, பொறுமை. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை நுண்ணுயிரிகள் நைட்ரைட்டாகவும், வேறுவகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முன்னிரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது ஓரளவு பொறுத்துக்கொள்ளத்தக்கது. இந்நுண்ணுயிரிகள் பாறையின் துளைகளிலும் மணலிலும் குடியேறிப் பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரமாகும். அதுவரை தொட்டியில் ஒரு மீனும் இருக்கக்கூடாது. அம்மோனியாவை அளந்து சேர்த்து, அது ஒரே நாளில் மறைகிறதா என்று சோதனைப்பெட்டியால் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. "நாலு மலிவு மீனை விட்டுப் பழக்குங்கள்" என்ற அறிவுரை இன்றும் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. நஞ்சை அளக்க உயிரைக் கருவியாக்குவது அது. அளவைக் காகிதங்கள் கடையில் கிடைக்கும் காலத்தில் அதற்கு எந்த நியாயமும் இல்லை.

வீட்டுத்தொட்டியில் பவளத்திட்டின் உயிர்களை நிலைக்கவைக்கும் கலையில் ஆசியருக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை இங்கே இடைச்செருகலாகச் சொல்லவேண்டும். ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் 1961-இல் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் தம் முறையை விளக்கினார். கடலிலிருந்து உயிர்கள் ஒட்டிய பாறை, இயற்கைக் கடல்நீர், கதிரவன் ஒளி, சிறிதளவு காற்றுக்குமிழி, அவ்வளவே. நீரைத் தூய்மைசெய்யும் பணியைப் பாறையே செய்துவிடும் என்பது அவருடைய கண்டறிவு. இன்று உலகெங்கும் நடக்கும் 'லைவ் ராக்' வணிகத்தின் வேர் அங்கே இருக்கிறது. கேடும் அங்கிருந்தே தொடங்குகிறது. கடலில் இருந்து உயிருள்ள பாறையைப் பெயர்த்தெடுப்பது என்றால் திட்டின் ஒரு பகுதியைப் பெயர்த்தெடுப்பதுதானே?

பெயர்த்தெடுத்தால் என்னவாகும் என்பதை நாம் ஏட்டில் படித்து அறியவேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிப் பக்கம் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பயன்படுத்தினார்கள். அங்குள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீரில் மூழ்கிப்போயின. அலையை உடைக்கும் அரண் போய்விட்டபின் மணல் எப்படி நிற்கும்? நம் மொழியில் 'பவளப்பாறை' என்று சொல்லிச் சொல்லி அதைக் கல்லாகவே நினைத்துவிட்டோம். மோதிரத்தில் பதிக்கும் சிவப்புப் பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலிலிருந்து வரும் வேறோர் உயிரினத்துடையது என்பதும் பலருக்குத் தெரியாது. திட்டைக் கட்டும் வன்பவளம் ஆயிரக்கணக்கான சிற்றுயிர்களின் குடியிருப்பு. ஒவ்வொன்றின் திசுவுக்குள்ளும் நுண்பாசிகள் குடியிருந்து, ஒளியை உணவாக்கித் தம் புரவலருக்கு ஊட்டுகின்றன.

அழிவைக் கண்டபின் சட்டம் வந்தது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் வன்பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன; உடன் கறுப்புப் பவளம், தீப்பவளம், குழற்பவளம், கடல் விசிறி, கடற்குதிரை, கடல் அட்டை ஆகியனவும். புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அட்டவணை. முதல் அட்டவணைக் குற்றத்திற்கு மூன்று ஆண்டுக்குக் குறையாத, ஏழு ஆண்டு வரையிலான சிறை உண்டு. வரவேற்பறையில் ஒரு புலிக்குட்டியைக் கட்டிவைக்க எவரும் துணியமாட்டார்கள். நீல விளக்கின்கீழ் ஓர் அக்ரோபோராத் துண்டை வைக்க மட்டும் தயக்கமே இல்லை. விற்பவர் அதைத் தாளில் எழுதித் தருவதில்லை என்பதே அவருக்கும் சட்டம் தெரியும் என்பதற்குச் சான்று.

தொட்டி வளர்ப்போரின் எதிர்வாதத்தில் பொருள் இல்லாமலில்லை. "இந்தோனேசியாவிலும் பிற இடங்களிலும் பவளத்தைத் துண்டாக்கிப் பண்ணையில் வளர்த்து, பன்னாட்டு உடன்படிக்கையின்படி அனுமதிச்சீட்டோடு ஏற்றுமதி செய்கிறார்கள். ஒரு துண்டு பத்துத் துண்டாகிறது. இதனால் கடலுக்கு என்ன இழப்பு?" என்று கேட்கிறார்கள். பண்ணைத் துண்டு கடலுக்குத் தீங்கற்றது என்பதை ஏற்கிறேன். ஆனால் கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் துண்டு பண்ணையில் வளர்ந்ததா, இலட்சத்தீவின் காயலில் இரவில் உடைக்கப்பட்டதா என்று பார்த்துச் சொல்ல என்னாலும் முடியாது, வனத்துறை அலுவலராலும் முடியாது. பிறப்பிடத்தைப் பதிவுசெய்து பின்தொடரும் ஏற்பாடு வராதவரை, ஒரு தளர்வு பத்துத் திருட்டுகளுக்குத் திரையாகிவிடும். ஆகவே தடை இருக்கட்டும் என்கிறேன்.

அதே வேளை, எல்லாவற்றையும் தடைசெய் என்னும் குரலோடும் எனக்கு உடன்பாடில்லை. 2017-இல் நடுவண் அரசு வெளியிட்ட மீன்தொட்டிக் கடை விதிகள் 158 வகை மீன்களை விற்கவும் காட்சிக்கு வைக்கவும் தடைசெய்தன. அப்பட்டியலில் கோமாளி மீனும் இருந்தது. மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மையங்களில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு பொரிக்கும் முறையை வகுத்துத் தந்த மீன் அது! ஒரு கை வளர்த்ததை மறு கை தடைசெய்தது. எதிர்ப்புக்குப்பின் விதிகள் திரும்பப் பெறப்பட்டன. கடலிலிருந்து பிடித்ததையும் பொரிப்பகத்தில் பிறந்ததையும் பிரித்தறியாத சட்டம் இரண்டாவதைக் கொன்று முதலாவதைக் கள்ளச்சந்தைக்கு அனுப்பும்.

அரசிடம் நான் கேட்பது சிறிய ஒன்றுதான்: விற்கப்படும் ஒவ்வொரு கடல் அலங்கார மீனோடும் பிறப்பிடச் சீட்டு. கடல்சார் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தின் தலைமையகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. மேற்சொன்ன ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகமும் இங்கேதான். ஏற்றுமதியாகும் இறாலுக்குப் பண்ணைவரை தடம் காணும் ஏற்பாடு செய்யத் தெரிந்த ஊருக்கு ஒரு கோமாளி மீனின் பிறப்பைப் பதிவுசெய்வது பெரிய வேலையா?

எந்த மீன் என்று கேட்பவர்களுக்கு: ஓர் இணை கோமாளி மீன். கடற்சாமந்தி இல்லாமலேயே அவை தொட்டியில் நலமாக வாழும். புதுத் தொட்டியில் சாமந்தியை வைத்தால் அது மடிந்து நீரையும் கெடுக்கும். கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகத் தொடங்குபவை. இணையில் பெரியது பெண்ணாகிவிடும். நன்கு பேணினால் இருபது ஆண்டையும் தாண்டி வாழும். ஆகவே கல்லூரிக்குப் போகவிருக்கும் பிள்ளையின் ஆசைக்காக வாங்குபவர்கள், பிள்ளை போனபின் யார் நீர் மாற்றுவார் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நீல டாங் வேண்டாம். அதை முதன்முறையாகத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்ததே 2016-இல், அமெரிக்காவில்; சந்தையில் இருப்பவை பெரும்பாலும் கடலில் பிடித்தவை. மேலும் அது ஓர் அடி வளரும். 200 லிட்டர் அதற்குச் சிறைதான். பாறைக்கு, உயிரற்ற உலர்ந்த செயற்கைப் பாறை போதும். நுண்ணுயிரிகள் தாமாக வந்து குடியேறும், சற்றுத் தாமதமாக.

இந்தக் கட்டுப்பாடெல்லாம் எதற்கு, கடலே சூடாகிச் சாகும்போது ஒரு தொட்டியால் என்ன ஆகிவிடும் என்று சென்ற வாரம் ஒருவர் கேட்டார். கேள்வியின் முற்பாதி உண்மை. 2023 அக்டோபர் இறுதியிலிருந்து நீடித்த கடல் வெப்ப அலையால் 2024-இல் இலட்சத்தீவின் வன்பவளங்கள் பரவலாக வெளிறின. நுண்பாசிகளை இழந்த பவளம் பட்டினியில் வெளிறி நிற்கும், வெப்பம் தணியாவிட்டால் மடியும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளிலும் அங்கு அவ்வாறு நேர்ந்தது. தொட்டிக்காரர் நீர் 29 டிகிரி காட்டினாலே பதறிக் குளிர்விப்பானைப் பார்க்க ஓடுவார். இலட்சத்தீவுக்குக் குளிர்விப்பான் இல்லை. ஆனால் பின்பாதி தவறு. வெளிறலுக்குப்பின் திட்டு மீள்வது எஞ்சியிருக்கும் உயிருள்ள கிளைகளைக் கொண்டுதான். தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் கடலடியில் சட்டங்களை இறக்கிப் பவளத் துண்டுகளைக் கட்டி வளர்த்துவருவதும் அத்தகைய கிளைகளைக் கொண்டே. வெப்பத்தைத் தாங்கி எஞ்சிய ஒரு கிளையை உடைத்து வரவேற்பறைக்குக் கொண்டுவருபவர், எடுக்கக்கூடாத வேளையில் எடுக்கக்கூடாததை எடுக்கிறார்.

விழிஞ்ஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் 'சாகரிகா' காட்சியகம் இருக்கிறது. பணத்தைச் செலவிடுமுன் ஒருமுறை குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். பார்த்ததே போதும் என்று திரும்புபவர்களும் உண்டு.

ஐயங்கள் இருந்தால் கீழே எழுதுங்கள், இயன்றவரை விடையளிக்கிறேன். 'பவளம் எங்கே கிடைக்கும்' என்று உட்பெட்டியில் கேட்பவர்களுக்கு மட்டும் விடை வராது.