சி டிரைவைத் தேடாதேங்கோ

லினக்ஸ் படிப்பிக்கிற வகுப்புகளில் தருகிற ரியூட்டை ஒருக்கா எடுத்துப் பாருங்கோ. ஒரு அட்டவணை இருக்கும். இந்தப் பக்கம் பின், எட்சி, வார், யூஎஸ்ஆர். அந்தப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. பாடமாக்கு, எழுது, மற. நாங்களும் அப்படித்தான் படித்தோம். எங்கட ரியூட்டில் யூஎஸ்ஆருக்கு 'யூனிக்ஸ் சிஸ்டம் ரிசோர்சஸ்' என்று விரிவு வேறு!

அது பிறகு ஒட்டவைத்த விரிவு. 1970களின் தொடக்கத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிட்சியும் பெல் ஆய்வுகூடத்தில் யூனிக்ஸை உருவாக்கியபோது யூஎஸ்ஆர் என்பது வெறும் 'யூசர்'. பாவனையாளர்களின் கோப்புகள் கிடந்த இடம். டிஸ்க்கில் இடம் காணாமல் போக, சிஸ்டத்தின் நிரல்களும் அங்கே குடியேறின. பாவனையாளர்கள் பின்னாளில் ஹோமுக்குப் போனார்கள். வெளியே ஒரு பின், யூஎஸ்ஆருக்குள் இன்னொரு பின் என்று இரண்டு வந்த கதை இதுதான். 2012இல் ஃபெடோரா 17 இரண்டையும் ஒன்றாக்கியது. இன்றைய உபுண்டுவிலும் வெளியே தெரிகிற பின் உள்ளே இருப்பதைக் காட்டுகிற ஒரு இணைப்பு மட்டும்தான். இந்தக் கதையைச் சொல்லித் தர அஞ்சு நிமிசம் போதும்.

பாடமாக்கிறதால வாற சேதம் சின்னதில்லை. எங்களில் ஒருத்தருக்கு 'அனுமதி இல்லை' என்று ஒரு பிழை வந்தது. யாரோ சொன்னதைக் கேட்டு, மூலக் கோப்புறையில் இருந்து கீழே இருக்கிற எல்லாத்துக்கும் 777 போட்டார். சூடோவுக்கென்று இருந்த விசேட அனுமதியும் அதோட அழிஞ்சு போச்சு. பிறகு எதையும் திருத்த வழியில்லை. ஹோமைத் தனிப் பகிர்வாக வைத்திருந்தபடியால் அதைத் தொடாமல் லினக்ஸைத் திரும்பப் போட்டோம், அசைன்மென்ற் தப்பியது. ஹோம் ஏன் தனியாக இருக்கவேணும் என்று எந்த ரியூட்டும் அவருக்குச் சொல்லவில்லை.

'இது புரோகிராமர்மாருக்குத்தானே, எங்களுக்கு ஏன்?' என்று கேட்கிறவர்கள்தான் மெஷின் கொஞ்சம் இழுத்தாலும் கடையில் காசு குடுத்து போமற் அடிக்கிறார்கள். எட்சிக்குள் இருக்கிற அமைப்புகளில் அநேகமானவை வெறும் எழுத்துக் கோப்புகள், திறந்து வாசிக்கலாம். என்ன பிழைத்தது என்று வாருக்குள் இருக்கிற லொக் கோப்புகள் சொல்லும். பென் டிரைவுக்கு எழுத்துப் பெயர் கிடையாது. அதுவும் அதே ஒற்றை மரத்தில் மீடியாவுக்குக் கீழே வந்து தொங்கும்.

டேர்மினலைத் திறந்து மேன் என்று அடித்து, இடைவெளி விட்டு, எச்-ஐ-ஈ-ஆர் அடியுங்கோ. முழு மரமும் விளக்கத்தோட வரும். அதுக்கு ரியூசன் காசு இல்லை.